இடப்பக்கப் படி

பொன்னுராஜ் ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. ஜீப்பின் உயரத்தைக் கூட்டுவது என்று முடிவெடுத்த நாளிலிருந்து அவன் சட்டைப்பையில் இன்ச் டேப் இருந்தது. தரைக்கும் பம்பருக்கும் எவ்வளவு, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் எத்தனை விரல் நுழையும், வண்டியின் வயிறு எந்த உயரக் கல்லில் தட்டும் என்று எல்லாவற்றையும் அளந்து ஒரு பழைய டைரியில் எழுதிவைத்தான். சாப்பிட உட்கார்ந்தால்கூட முப்பத்தொரு அங்குல டயர், நாலு அங்குல லிஃப்ட் என்றே பேச்சு. அவன் மனைவி அனுசியா, சோற்றையும் அளந்து போடட்டுமா என்று கேட்டாள்.

இத்தனைக்கும் காரணம் ஒரு கீரிப்பிள்ளை. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து ஜீப்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, மலையடிவாரத்து ஓடைகளில் வண்டி ஓட்டுவார்கள். பாதிப் பேர் மில் முதலாளி வீட்டுப் பிள்ளைகள். பொன்னுராஜுக்கு இருப்பதோ அய்யனார் கோயில் போகிற வழியில் மூன்று ஏக்கர் மாந்தோப்பு. அவன் ஜீப் உரமூட்டையும் மாங்காய்க் கூடையும் சுமந்த ஜீப். நூற்பு மில் குடும்பத்துப் பிள்ளை கௌதம்ராஜ் ஒருநாள் தோப்புப் பக்கம் வந்தவன், பழைய வண்டியை இப்படி ஓட்டத்தில் வைத்திருக்கிறீர்களே என்று பாராட்டி, நீங்களும் வாருங்கள் அண்ணே என்று அழைத்தான். போன முதல் நாளே ஓடைக்கல்லில் வயிறு தட்டி வண்டி நின்றுபோனது. நாலு பேர் சேர்ந்து இழுத்துவிட்டார்கள். அதில் ராம்கி என்ற ஒருத்தன், "இது ஜீப்பா கீரிப்பிள்ளையாண்ணே, தரையோட தரையாப் போகுது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பொன்னுராஜும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தான். அவன் சிரிப்பு மட்டும் வீடு வந்து சேர்வதற்குள் காய்ந்துபோயிற்று.

தென்காசி ரோட்டில் சோணைமுத்துவின் பட்டறை. ஜீப் வேலையில் சோணைமுத்துவை மிஞ்ச அந்தப் பக்கம் ஆள் கிடையாது. பேச்சு கொஞ்சம், வேலை சுத்தம். நாலு நாள் வண்டி அங்கே கட்டைமேல் நின்றது. பழைய ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றி, வளைவு கூடின புதுப் பட்டைகளை ஏற்றினான். வண்டியை உயர்த்திவிட்டால் பிரேக் ஹோஸ் நீளம் போதாமல் இழுபடும் என்று அதையும் நீளமாக மாற்றினான். "ஒசத்துறது பெரிய காரியமில்லை அண்ணாச்சி. ஒசத்துன பொறவு எதெது எட்டாமப் போகும்னு பாக்கணும், அதான் வேலை" என்றான். பொன்னுராஜ் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தலையை ஆட்டினான்.

சனிக்கிழமை மத்தியானம் புது டயர்களை மாட்டி, கட்டையை உருவி, வண்டியைத் தரையில் இறக்கினார்கள். டயரும் பட்டையும் சேர்ந்து ஐந்தரை அங்குலம் தூக்கியிருந்தது. பொன்னுராஜுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சோணைமுத்து ஏறி உட்கார்ந்து ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்தான். இடது பக்கம் கறக் என்று ஒரு சத்தம். இறங்கிக் குனிந்து பார்த்தான். இடப்பக்கக் கதவுக்குக் கீழே பற்றவைத்திருந்த இரும்புப் படியின் முனையில் டயர் உரசியது.

அந்தப் படியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பொன்னுராஜின் அக்கா மாரிச்செல்விக்கு இரண்டு வயசில் வந்த இளம்பிள்ளைவாதம் இடது காலைக் கொண்டுபோய்விட்டது. இடுப்பிலிருந்து கணுக்கால்வரை கம்பியும் வாருமாகக் கேலிப்பர் மாட்டி நடப்பாள். எட்டு வயசுவரை அப்பா தூக்கிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனார். கேலிப்பர் வந்த அன்றைக்கு, இனி என்னை யாரும் தூக்கக் கூடாது என்று சொன்னவள் அவள். அதற்குப் பிறகு யாரும் தூக்கியதில்லை. பேண்டேஜ் கம்பெனியில் காஸ் துணி மடிக்கப் போய், இப்போது அங்கே செக்கிங் பார்க்கிறாள். வாய் நீளம். முதலாளியே அவள் மேஜையைத் தாண்டும்போது கொஞ்சம் வேகமாகத்தான் தாண்டுவார். கல்யாணம் வேண்டாம் என்று தம்பி வீட்டிலேயே இருக்கிறாள். வீடு அவள் சொல்கேட்டு நடக்கிறது என்பதுதான் சரி.

மில்லில் ஃபிட்டராக இருந்த அப்பா இந்த ஜீப்பை வாங்கியதே அவளுக்காகத்தான். டவுன் பஸ் படி அவளுக்கு எட்டாது. ஜீப்பும் கொஞ்சம் உயரம் என்பதால், வீட்டுச் சுவரில் அவள் காலை எவ்வளவு தூக்க முடிகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு, பதினோரு அங்குலத்தில் ஒரு படியும், கை எட்டுகிற இடத்தில் ஒரு கைப்பிடியும் பற்றவைத்துக் கொடுத்தார். கைப்பிடியைப் பிடித்து, வலது காலைப் படியில் ஊன்றி, ஒரே எம்பு. அப்பா செத்து ஆறு வருஷமாகிறது. தினமும் காலையில் பொன்னுராஜ்தான் அவளைக் கம்பெனி வாசலில் விட்டுவிட்டுத் தோப்புக்குப் போவான்.

சோணைமுத்து படியைக் கையால் தட்டிக் கேட்டான். "இது இடிக்கும் அண்ணாச்சி. ரெண்டு நாள் விட்டிகன்னா தள்ளி, கீழ எறக்கி வேற வச்சுத் தாரேன். இது யாருக்கு வச்சது?"

ரெண்டு நாள் என்றால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். அதுகூடப் பரவாயில்லை. இதுவரை தாழ்ந்த வண்டியோடு ஒட்டி யார் கண்ணிலும் படாமல் இருந்த படி, புது டயரும் புது உயரமுமாக நின்ற வண்டியின் வயிற்றில் கீழே தொங்கினால் எப்படி இருக்கும் என்று பொன்னுராஜ் நினைத்துப் பார்த்தான். கௌதம்ராஜ் பார்ப்பான். ராம்கி கட்டாயம் பார்ப்பான். இது என்ன என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும்.

"எங்கப்பா காலத்துல வச்சது. இப்ப யாருக்கும் தேவையில்லை. வெட்டிரு" என்றான்.

சொன்ன அந்த நேரத்தில் அக்காவின் முகம் அவன் கண்முன்னால் வந்தது என்பதை அவன் பின்னால் எத்தனை தடவை தனக்குத்தானே மறுத்துப் பார்த்தாலும் அது வந்தது உண்மை. வந்த முகத்தை அவன்தான் போ என்று தள்ளினான். கிரைண்டர் கத்தித் தீர்வதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வெட்டின இடத்தில் கறுப்பு பெயின்ட்டும் அடித்தாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை செண்பகத்தோப்புப் பக்கம் ஓடை. முன்னால் மாட்டிய அதே கல்லின்மேல் ஜீப் ஏறி இறங்கியது. ராம்கியே கை தட்டினான். பொன்னுராஜ் சந்தோஷமாக இருந்தான், அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. உயரத்திலிருந்து பார்க்கும்போது உலகமே தனக்குக் கொஞ்சம் வழிவிட்டு நிற்பதுபோல் இருந்தது அவனுக்கு. திரும்பி வரும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் நிறுத்தி அக்காவுக்குப் பால்கோவா வாங்கிக்கொண்டான்.

அக்கா வாசலில் நின்று வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். எம்புட்டு ஒசரம் என்று வியந்தாள். பிறகு அவள் பார்வை இடப்பக்கக் கதவுக்குக் கீழே போய் நின்றது.

பொன்னுராஜ் முந்திக்கொண்டான். "அய்யோ, மறந்தே போயிட்டேன்க்கா. டயர்ல இடிக்குதுன்னு சோணைமுத்து எனக்குத் தெரியாம வெட்டிட்டான். நான் பாக்கவே இல்லை."

அக்கா அவனை ஒருதரம் பார்த்தாள். மறதி மனுசனுக்கு வாறதுதானே என்று சொல்லிப் பால்கோவாவை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அனுசியா பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். அதில் ஏறி, அங்கிருந்து வண்டிக்குள் ஏற அக்காவுக்கு ரொம்ப நேரம் பிடித்தது. பொன்னுராஜ் நல்லபடியாக ஏறியாயிற்று என்று வண்டியை எடுத்தான். ஏற்றுவதற்கு யோசித்த புண்ணியவான் இறக்குவதற்கு யோசிக்கவில்லை. ஸ்டூல் வீட்டு வாசலிலேயே நின்றது.

கம்பெனி வாசலில் ஷிஃப்டுக்குள் போகிற பெண்கள் நாற்பது பேராவது இருப்பார்கள். அக்கா கதவைத் திறந்து கீழே பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அவன் இறங்கி ஓடிவந்து, வேறு வழி தெரியாமல், அவள் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து உரமூட்டையை இறக்குவதுபோல் தூக்கி இறக்கினான். சேலை ஏறி, கேலிப்பர் கம்பி முட்டிவரைக்கும் வெளியே தெரிந்தது. நாற்பத்தேழு வயசு. அந்தப் பெண்களில் ஒருத்தியாவது பார்த்திருந்தால், உச்சுக்கொட்டியிருந்தால் தேவலை. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சாப்பாட்டுப் பைக்குள் எதையோ தேடினார்கள். பொன்னுராஜுக்கு அங்கேயே பூமி பிளந்துவிடக் கூடாதா என்றிருந்தது. அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள்.

சாயங்காலம் ஸ்டூலை மறக்காமல் எடுத்துக்கொண்டு முன்கூட்டியே வந்து நின்றான். அக்கா வெளியே வந்தாள், ஜீப்பைத் தாண்டினாள், "நான் டவுன் பஸ்ஸுல வாரேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

பஸ்ஸில் அவள் எப்படி ஏறுவாள் என்று அவனுக்குத் தெரியாது. பின்னாலேயே வண்டியை உருட்டிக்கொண்டு போனான். பஸ் வந்ததும் அக்கா அதற்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். படிக்கட்டில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, ஒவ்வொரு படியாக உட்கார்ந்தபடியே மேலே போனாள். கண்டக்டர் பாவம், விசில் ஊதாமல் காத்திருந்தார். பஸ்ஸுக்குப் பின்னால் உயரமான சீட்டில் இருந்த பொன்னுராஜுக்கு எதுவும் மறைக்காமல் எல்லாம் தெரிந்தது. அந்த உயரத்துக்குத்தானே அவன் ஆசைப்பட்டான்.

அடுத்த மூன்று நாளும் இதே கதை. வீட்டில் அக்கா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தால்கூட ஒரு வழியாக இருந்திருக்கும். அவளோ மாம்பூவுக்கு மருந்து அடித்தாயிற்றா என்று கேட்டாள், இன்னும் ரெண்டு தோசை வைத்துக்கொள் என்றாள். அவன் ஒருநாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, மறந்துதான் போயிட்டேன்க்கா என்று மறுபடி ஆரம்பித்தான். "ஆமா, சொன்னியே" என்றாள் அக்கா. அவ்வளவுதான்.

வியாழக்கிழமை அவன் பட்டறைக்குப் போனான். சோணைமுத்து வாங்க என்று சொல்லவில்லை. ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"எம் பேர்ல பழியப் போட்டுட்டிகளே அண்ணாச்சி" என்றான் கடைசியில். "யாருக்கு வச்சதுன்னு கேட்டேனா இல்லையா?"

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். பொன்னுராஜின் புளுகு ஒருநாள்கூடத் தாங்கவில்லை. இராஜபாளையத்தில் பொய் சொல்கிறவன் முதலில் ஒன்றை விசாரித்துக்கொள்ள வேண்டும்: பழியை எவன்மேல் போடப்போகிறோமோ, அவன் பெண்டாட்டி எந்தப் பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கிறாள் என்று. பொன்னுராஜ் டயருக்கும் பட்டைக்கும் அளவு எடுத்தானே தவிர இதை விசாரிக்கவில்லை. சோணைமுத்துவின் மனைவி பாண்டிசெல்வி அக்காவின் மேஜைக்கு அடுத்த மேஜை. திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் அக்கா, உன் வீட்டுக்காரன் கேட்காமல் கொள்ளாமல் என் படியை வெட்டலாமா என்று சண்டைக்குப் போயிருக்கிறாள். பாண்டிசெல்வி அங்கேயே புருஷனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டாள். சோணைமுத்து உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறான். இப்ப யாருக்கும் தேவையில்லை என்ற வார்த்தை உட்பட.

பொன்னுராஜ் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போல நின்றான். நாலு நாளாக அக்காவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் தோசை வைத்தாள். தெரிந்துகொண்டுதான் அவன் மறுபடி மறுபடி மறந்தேன் என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சோணைமுத்து பெஞ்சுக்கு அடியிலிருந்து சாக்கில் சுற்றிய எதையோ இழுத்தான். வெட்டி எடுத்த படி. பழைய இரும்போடு போட மனசு வரவில்லை என்றான். கீல் வைத்து, கொஞ்சம் பின்னால் தள்ளி, டயரில் படாமல் இறக்கி மாட்டித் தருவதாகவும் சொன்னான். பிறகு பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, தரையிலிருந்து எத்தனை அங்குலம் வைக்கட்டும் என்று கேட்டான்.

அப்பா காலத்துப் பதினொன்று என்று சொல்ல வாயெடுத்தான் பொன்னுராஜ். அப்பா கோடு போட்டது இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால். டைரி நிறைய அளவு எழுதினவனுக்கு இந்த ஒரு அளவு தெரியவில்லை.

"அக்காட்ட கேட்டுட்டு வாங்க" என்றான் சோணைமுத்து.

அக்கா வேலை முடிந்து வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். பொன்னுராஜ் இன்ச் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே நின்றான். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அடுப்படியில் அனுசியா பாத்திரம் உருட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"அக்கா, நான் மறக்கலை" என்றான். "ஞாபகம் இருந்துச்சு. இருந்துதான் வெட்டச் சொன்னேன். அவங்க பாத்தா கேப்பாங்களேன்னு வெக்கப்பட்டுட்டேன்."

"என்னையவா, படியையா?"

அதற்குப் பதில் இருந்தது, சொல்லக்கூடியதாக இல்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

அக்கா சுவரைப் பிடித்து எழுந்து நின்று, வலது காலைச் சுவரோரம் தூக்கினாள். "பிடி" என்றாள். அவன் மண்டியிட்டு டேப்பை வைத்தான். ஒன்பதரை. தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்று மறுபடி வைத்தான். ஒன்பதரைதான்.

"அப்பா பதினொன்னு வச்சாரு" என்றான்.

"அப்ப எனக்குப் பத்தொம்பது வயசு, எதோ எம்பினேன். இந்தக் காலுக்கும் தேய்மானம் உண்டும்லா. நாலஞ்சு வருசமா அந்தப் படியே எனக்கு எட்டாது. கையில தொங்கிக்கிட்டுத்தான் ஏறினேன்."

"சொல்லியிருக்கலாம்லக்கா."

"தெனமும் நீதானே பக்கத்துல உக்காந்திருந்த" என்றாள் அக்கா.

ஒரு படியை வெட்டினதற்காக நாலு நாள் குமைந்தான். நாலைந்து வருஷத்தை எந்தக் கணக்கில் வைப்பது? தினம் காலையில் அவள் ஏறி முடிக்கும்வரை அவன் கண்ணாடியில் தலை சீவிக்கொண்டிருந்திருக்கிறான், அல்லது போனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"வச்சிட்டு வா. ஆனா கம்பெனி வாசலுக்குக் கொண்டாராத" என்றாள் அக்கா. "ஞாயித்துக்கெழமை ஒங் கூட்டாளிக எங்க கூடுவாக?"

ஸ்ரீவில்லிபுத்தூரில், பால்கோவா கடைப் பக்கம் என்றான்.

"அங்கன பஸ்ஸுல வந்து எறங்குதேன். அங்க வச்சு ஏத்திக்கோ."

ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் பொன்னுராஜ் மனசுக்குள் ஆயிரம் வசனம் எழுதி அழித்துவிட்டான். ராம்கி சிரித்தால் சட்டையைப் பிடிப்பது என்றும், கௌதம்ராஜ் சிரித்தால் உங்கள் சகவாசமே வேண்டாம் என்று வந்துவிடுவது என்றும் முடிவு செய்திருந்தான். எட்டு ஜீப்புகள் வரிசையாக நின்றன. அவன் ஜீப்பில் மட்டும் இடப்பக்கம் இரண்டடுக்கில் படி தொங்கியது. கீழ்ப்படி ஒன்பதரை அங்குலத்தில். மேல்படி அப்பா வைத்த அதே தகடு.

பஸ்ஸிலிருந்து அக்கா இறங்கினாள். எல்லார் நடுவிலும் கேலிப்பர் டக் டக்கென்று சத்தம் போட நடந்து வந்தாள். கைப்பிடியைப் பிடித்தாள். கீழ்ப்படி, மேல்படி, சீட். பத்து நொடிகூட இல்லை. பொன்னுராஜ் இந்தத் தடவை பார்த்துக்கொண்டே நின்றான்.

கௌதம்ராஜ் பக்கத்தில் வந்து குனிந்து கீலை ஆட்டிப் பார்த்தான். பொன்னுராஜ் ஓர் எட்டு முன்னால் வந்தான்.

"அருமையா இருக்கேண்ணே. எங்கம்மாவுக்கு முட்டி வலி. வண்டிய ஒசத்துனதுலேருந்து ஏற மாட்டேன்னுட்டாங்க. இப்படி ஒண்ணு வைக்கலாம்னு எனக்குத் தோணவே இல்லை பாருங்க" என்றான் கௌதம்ராஜ். ராம்கி செல்போனை எடுத்து, அளவு தெரியும்படி படியைப் போட்டோ எடுத்துக்கொண்டான். "போன வாரம் இது இல்லையேண்ணே, புதுசா வச்சீங்களா?" என்று கேட்டான்.

பொன்னுராஜ் அண்ணாந்து அக்காவைப் பார்த்தான். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை தம்பி. முன்னாலேயே இருந்துச்சு. ஒங்ககிட்ட காட்ட வெக்கப்பட்டு நான்தான் வெட்டிட்டேன். இது எங்க அக்காவுக்கு வச்சது."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பாதிப் பழியையாவது அவர்கள் தலையில் இறக்கிவைத்திருக்கலாம். அவர்கள் என்ன சொல்வதென்று தெரியாமல் டயரைப் பார்த்தார்கள். அவன் பயந்த அந்தச் சிரிப்பு அவனைத் தவிர வேறு யாரிடமும் இருந்ததில்லை. முழுப் பழியும் தன்னுடையது என்று அவனுக்கு அந்த வெயிலில், அத்தனை பேர் நடுவில் நிற்கும்போது தெரிந்தது.

அவன் சுற்றிவந்து டிரைவர் பக்கக் கதவருகில் நின்றான். அந்தப் பக்கம் படி கிடையாது. ஏறக் கால் வராமல் அப்படியே நின்றான். அக்கா சீட்டிலிருந்து இந்தப் பக்கம் சாய்ந்து கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறுலே" என்றாள். "வெயிலாகுது."